நன்னீர் மீன் தொட்டியில் உப்பு இடலாமா?

வண்ண மீன் வளர்ப்போரிடையே நெடுநாளாக வேரூன்றிவிட்ட வழக்கம் ஒன்றைப் பற்றி இன்று சற்று விசாரிக்க விரும்புகிறேன். தொட்டியின் தண்ணீரை மாற்றும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லுப்பை எடுத்து வந்து, மீனுக்கு நல்லதுதானே என்ற நம்பிக்கையோடு போட்டுவிடுவதே அவ்வழக்கம். சென்னைக் கொளத்தூரின் மீன் கடைத் தெருக்களில், ஒரு ஜோடி மோலியையோ ஏஞ்சலையோ பையில் கட்டி வாங்கிக்கொண்டு புறப்படுகிறவரிடம், "வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் கல்லுப்புப் போடுங்க" என்று கடைக்காரர் சொல்லியனுப்புவது சாதாரணம். நன்னீரில் வாழும் ஜீவனுக்கு உப்பு எதற்கு என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. எவ்வளவு என்றும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேளாமல் விடுவதில்தான் தீமை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வழக்கத்துக்கு ஆதாரம் உண்டு. நன்னீர் மீனின் இரத்தம், லிட்டருக்கு எட்டு ஒன்பது கிராம் உப்பைக் கரைத்த நீருக்கு ஏறக்குறைய ஒப்பான கரிப்புடையது. அதைச் சூழ்ந்திருக்கும் தண்ணீரிலோ உப்பு மிகச் சொற்பம். ஆகையால் செவுளின் மெல்லிய தோல் வழியே வெளிநீர் இரவும் பகலும் ஓயாமல் சரீரத்துக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்க, மீனானது புகுந்த நீரையெல்லாம் நீர்த்த சிறுநீராக வெளியேற்றி, அதனோடு கழிந்துபோகும் உப்பை ஈடுசெய்யும் பொருட்டு, செவுளிலுள்ள தனி உயிரணுக்களைக் கொண்டு தண்ணீரிலிருக்கும் அற்ப உப்பையும் விடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. 1920-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற டென்மார்க் தேசத்து உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக், 1930-களின் பிற்பகுதியில் செய்த சோதனைகளால் இவ்வுறிஞ்சலைத் தெளிவாகக் காட்டினார். வலையில் அகப்பட்டுச் செதில் உதிர்ந்த மீனுக்கும், பையில் அடைபட்டு நெடும் பிரயாணம் செய்து வந்த மீனுக்கும் இந்தப் பாடு அதிகரிக்கிறது. அப்போது நீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் உப்பிருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள பேதம் குறைந்து அதன் சிரமம் தணியும். கடைக்காரர் வாக்கில் உள்ள உண்மை இதுவே. ஆரோக்கியமாக நீந்தித் திரியும் மீனுக்கோ இவ்வேலை பிறவி இயல்பு. அதற்குத் துணை எதுவும் வேண்டியதில்லை.

உப்பின் மகிமையை மெய்யாகவே காண வேண்டுமானால், புதிதாக அமைத்த தொட்டியில் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நேரும் ஆபத்தைப் பார்க்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றிவிட, அதை நைட்ரேட்டாக மாற்ற வேண்டிய வேறொரு வகை இன்னும் பெருகாத காலம் அது. உப்பிலுள்ள குளோரைடை உறிஞ்சும் அதே செவுள் வாயில் வழியாக நைட்ரைட்டும் உள்ளே புகுந்து, இரத்தத்தின் செந்நிறப் பொருளைக் கெடுத்து, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி இல்லாமல் செய்துவிடுகிறது. செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய செவுள் இதழ்கள் பழுப்பேறிப் போகின்றன. காற்றுக் குமிழிகள் தாராளமாக எழும்பும் தொட்டியிலேயே மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து தவிக்கின்றன. இந்நிலையில் சிறிது உப்பிட்டால், குளோரைடு மிகுந்து, நைட்ரைட் உள்ளே புகுவதைப் பெரிதும் தடுக்கிறது. நைட்ரைட் நீரில்தான் இன்னும் இருக்கிறது என்பதால் இரையை நிறுத்துவதும் நீரை மாற்றுவதும் கூடவே நடக்க வேண்டும். ஆயினும் உயிர் ஊசலாடும் வேளையில் இத்துணை மலிவாக, இத்துணை விரைவாகக் கைகொடுக்கும் உபாயம் அரிது.

வெண்புள்ளி நோயில் உப்பு வேலை செய்யும் விதம் வேறு. ரவையைத் தூவினாற்போல் துடுப்பிலும் உடலிலும் தோன்றும் அப்புள்ளிகள் ஒவ்வொன்றும் தோலுக்கடியில் புதைந்திருக்கும் ஓரணு ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை உப்பு அதைத் தீண்டாது. முதிர்ந்ததும் உதிர்ந்து, அடிமணலில் உறையிட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளந்து, அவை மீனைத் தேடி நீந்தி அலையும் இரண்டொரு நாளில்தான் உப்புக்கு இரையாகின்றன. ஆகையால் புள்ளிகள் மறைந்தவுடனே நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்துவிடாமல், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் என்ற அளவைப் பத்துப் பதினைந்து நாள் குறையாமல் காத்துவர வேண்டும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில், மணலும் மேலே விட்ட இடமும் போக, சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். நைட்ரைட்டைத் தடுக்க லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு சாதாரணமாகப் போதும். அதற்கு வேண்டிய உப்பு எட்டு ஒன்பது கிராமே. வெண்புள்ளிக்கோ 100 முதல் 150 கிராம் வேண்டும். நாம் அள்ளிப் போடும் கைப்பிடி முன்னதற்கு மிகை, பின்னதற்குக் குறை. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கும் இடங்களில் முன்னதற்கு வேண்டிய குளோரைடு தண்ணீரிலேயே இருந்துவிடும், ஆர்.ஓ. நீர் ஊற்றுகிறவர்களே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

மாதக்கணக்கில் தொடர்ந்து இடுவதோ வேறு விபரீதம். கோடையில் தொட்டி வற்றும்போது ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. இட்ட உப்பு இட்டபடி கிடக்கிறது. குறைந்த நீரை நிரப்பும்போது மறுபடியும் ஒரு பிடி, அடுத்த வாரம் இன்னொரு பிடி என்று சேர்த்துக்கொண்டே போனால், கபோம்பா போன்ற மென்மையான செடிகள் முதலில் இலை கருகி உதிரும். கடலோர உவர்நீரிலும் வாழப் பழகிய மோலி அதையும் பொறுத்துக்கொள்ளும். அமேசானின் மென்னீர் ஓடைகளுக்குரிய நியான் டெட்ராவும், கோரிடோராஸும், நம் ஊர் அயிரையும் அவ்வளவு பொறுப்பதில்லை. எல்லா மீனுக்கும் ஒரே பிடி என்பது எனக்குச் சம்மதமில்லை.

உப்பைப் பொறுத்தமட்டில் சாதாரணக் கல்லுப்பே போதுமானது. அயோடின் கலந்த தூளுப்பாலும் இவ்வளவில் கெடுதியில்லை. மீனுக்கென்று டப்பாவில் அடைத்து விற்பதும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். தராசில் நிறுத்து, தொட்டி நீரிலேயே ஒரு குவளை எடுத்துத் தனியே கரைத்து, முழு அளவையும் ஒரே வேளையில் கொட்டாமல் ஓரிரு நாளில் பகுதி பகுதியாகச் சேர்த்து, மீன் சாய்ந்து நீந்தினாலோ துள்ளித் தவித்தாலோ உடனே நல்ல நீர் விட்டுக் குறைக்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் 10 லிட்டர் மாற்றினால், அந்த 10 லிட்டருக்குரிய உப்பை மாத்திரம் சேர்க்க வேண்டும்; வற்றியதை நிரப்பும் நீரில் உப்பே கூடாது. நோய் தீர்ந்த பின், சில நாள் இடைவெளி விட்டு, மும்முறை மூன்றிலொரு பங்கு நீரை மாற்றினால், இட்ட உப்பில் பத்தில் மூன்று பங்கே எஞ்சும். அதற்குப் பிறகு வழக்கமாகச் செய்யும் நீர் மாற்றத்திலேயே மீதியும் சிறுகச் சிறுகக் கழிந்துவிடும்.