ஔடத தானமும் அன்றாட மாத்திரையும்
(அடி அண்ணாமலையில் ஆற்றப்பெற்ற உரை)



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது சமண மரபு. ஔடத தானம் எனின் நோயுற்றவருக்கு மருந்தளித்தல் என்றே பலரும் கொள்வர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஒருமுறை மருந்தளித்துத் தீர்க்கத்தக்க நோய்களல்ல. மாத்திரை நாள்தோறும் வேண்டும். அதனை எப்போது, எவ்வாறு உட்கொள்வது என்னும் அறிவும் வேண்டும். அவ்வகையில் இங்கு ஔடத தானமும் சாத்திர தானமும் ஒன்றாகிவிடுகின்றன.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கு ஆண்டு வருமான வரம்பு ரூ.1,20,000. அதற்குச் சற்றே மேல் ஈட்டும் சிறு கடைக்காரரும் குத்தகை உழவரும் அதில் இடம்பெறார்; தனியார் காப்பீட்டுக்குப் பிரீமியம் செலுத்தவும் அவர்களால் இயலாது. இடம்பெற்றவர்க்கும் அது பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உதவும். மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அன்று. இவ்விடத்தில் துணைநிற்பது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’. மகளிர் தன்னார்வலர் இல்லந்தோறும் வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, மாத்திரைகளைக் கட்டணமின்றி வழங்குகின்றனர். 2024 இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இதற்குக் கிட்டியது. ‘இலவச மாத்திரை வேலை செய்யாது’ என்று அதைப் பரணில் போடுவோர் இன்னும் உளர் என்பதுதான் வருத்தம்.

இனி நோன்பு. இரவுண்ணாமை காப்போர் பொழுது சாயுமுன் உண்டு, மறுநாள் காலைவரை ஏறத்தாழ 13 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கின்றனர். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோர்க்குச் சர்க்கரை மிகத் தாழ்தல் அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, இன்சுலின் ஆகியவை அப்படியல்ல. மாலையிலேயே உண்டுவிட்டுப் பழக்கப்படி இரவு 9 மணிக்கு அம்மாத்திரையை விழுங்கினால், நள்ளிரவில் வியர்வையும் நடுக்கமும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும். சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகவேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108-ஐ அழைக்கவேண்டும். நோன்பு முறியுமே என்று தயங்கும் அந்தச் சில நிமிடங்களே உயிருக்கு ஊறாகின்றன. தசலட்சணப் பருவத்தில் உபவாசம் ஏற்பதற்கு முன்னரே மருத்துவரிடம் கூறினால், மாத்திரையின் அளவையும் வேளையையும் அவர் மாற்றித் தருவார். இதைச் சொல்லக் கூச ஒன்றுமில்லை.

பாதத்தையும் குறிப்பிடவேண்டும். இவ்வூர் வழியே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் நடப்போர் பலர். பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடிகளைத் தொழச் செல்லும் நம்மவரும் அவ்வாறே ஏறுகின்றனர். நெடுநாள் நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய பாதத்திற்குக் கல் குத்துவதும் தெரியாது, தரை சுடுவதும் தெரியாது. சிறு கொப்புளம் புண்ணாகி, விரலை நீக்கும் நிலைவரை செல்வதுண்டு. அத்தகையோர் படியடி வரையேனும் செருப்பணிந்து செல்லட்டும். பாறை குளிர்ந்திருக்கும் விடியற்பொழுதில் ஏறட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். கண்பார்வை குறைந்தவர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். கீறல் தென்பட்டால், வலி இல்லாவிடினும், மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும்.