தப்பே செய்யாத யந்திரம்

(தென்காசியில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களிடம் நாம் ஒரு சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சினிமாவுக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் கேட்கலாம். அதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு ஓராண்டுக்கு முன்னமேயே, 1968-ல், "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" என்று ஓர் ஆங்கிலப் படம் வெளிவந்தது. அதை எடுத்தவர் ஸ்டான்லி குப்ரிக். அவருடன் சேர்ந்து கதை எழுதியவர் ஆர்தர் கிளார்க். இவர் இங்கிலாந்தில் பிறந்து, 1956 முதல் நமக்கு அடுத்த இலங்கையில் குடியிருந்து, 2008-ல் கொழும்பில் காலமானவர். தமது சவ அடக்கத்தில் எந்த மதச் சடங்கும் கூடாதென்று எழுதிவைத்துவிட்டுப் போனவர்.

அந்தப் படத்தில் ஒரு கப்பல் வியாழன் கிரகத்துக்குப் போகிறது. அதில் ஐந்து மனிதர்கள். மூவர் நீண்ட உறக்கத்தில் இருக்கிறார்கள். கப்பலை நடத்துவது ஹால் 9000 என்னும் யந்திரம். அது பேசும், சதுரங்கம் ஆடும், தன் இனத்து யந்திரம் எதுவும் தப்பே செய்ததில்லையென்று பெருமையும் பேசும். ஒருநாள், கருவியொன்று கெட்டுப்போகப் போகிறது என்று சொல்லிற்று. கழற்றிப் பார்த்தால் கருவி நன்றாகவே இருந்தது. அப்போதாவது ஒப்புக்கொண்டதா? இல்லை. குற்றம் மனிதனுடையதாகத்தான் இருக்கும் என்றது. அதை நிறுத்திவிடலாமென்று இருவர் இரகசியமாய்ப் பேசியதை உதட்டசைவில் அறிந்து, நால்வரைக் கொன்றது. மிஞ்சிய ஒருவன்தான் அதன் மூளையை ஒவ்வொரு பாகமாய்க் கழற்றி அடக்கினான்.

தோழர்களே! இந்தப் பேச்சை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமல்லவா? சாஸ்திரம் பொய்க்காதாம்; பரிகாரம் பலிக்காவிட்டால் செய்தவன் நம்பிக்கையில்தான் குறையாம்! ஓலையில் இருந்த ஜாதகம் இன்று "கம்ப்யூட்டர் ஜாதகம்" என்று போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. யந்திரம் கணக்குப் போட்டுவிட்டால் பொய் மெய்யாகிவிடுமா? இப்பொழுதோ, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் யந்திரம் கைப்போனுக்குள்ளேயே வந்துவிட்டது.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார்தான் சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை இயக்கியவர். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய அந்த யந்திரம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர்ந்தது. தப்பாது என்று நம்பியதனாலா சேர்ந்தது? தப்பக்கூடும் என்று சந்தேகித்து, சோதித்துச் சோதித்து, வழியிலும் பாதையைத் திருத்தியதனால் சேர்ந்தது.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாளைக்கு ஒரு யந்திரம் "ஆபத்தில்லை, குளி" என்கிறது. அருவித் தண்ணீரோ கலங்கி, மண்ணும் சருகுமாய் இறங்குவதை உங்கள் கண் காண்கிறது. என்ன செய்வீர்கள்? முதலில் கரையேறுங்கள். பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று யந்திரத்தையும் அதை வைத்தவனையும் கேளுங்கள். கேள்வி கேட்கக் கூடாதென்று நாம் விட்டுவைக்கும் எதுவும், அது கல்லானாலும் கம்ப்யூட்டரானாலும், நமக்கு எஜமானனாகிவிடும்.