'லே ஆஃப்' என்னும் சொற்றொடர்

தாப்பா வட்டாரத்தில் ரப்பர்க் காடுகள் செம்பனையாக மாறிய காலத்திலிருந்து நம் காதில் விழுந்துவரும் ஓர் ஆங்கிலச் சொற்றொடரை இன்று பார்ப்போம். 'லே ஆஃப்' என்பது அது.

'லே' என்றால் வை. 'ஆஃப்' என்றால் விலகி. இப்படிச் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்த்தால் பல தொடர்களில் ஏமாந்துபோவோம். இதில் மட்டும் ஓரளவு சரியாகவே வருகிறது. வேலை இல்லாததால் ஆளை விலக்கி வைப்பதே 'லே ஆஃப்'. ஆள்மீது குற்றம் எதுவும் இல்லை. குற்றம் சாட்டி நீக்கினால் அது 'டிஸ்மிஸ்'. நாமாகவே விலகினால் 'ரிசைன்'. மலாயில் 'ரெந்தி கெர்ஜா செமெந்தாரா' என்பார்கள். 'செமெந்தாரா' என்றால் தற்காலிகம். ஆனால் ஆங்கிலப் பேச்சில், திரும்பக் கூப்பிடாமலே நிறுத்திவிடுவதற்கும் இன்று இதே சொல்தான்.

இந்த வேறுபாட்டில் நம் பணம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, தொடர்ந்து 12 மாதமாவது வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நிறுத்தினால் இழப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு, ஆண்டுக்கு 10 நாள் கூலி. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு பால் வெட்டியவருக்கு 240 நாள் கூலி! அவரே 'ரிசைன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டால் இந்தத் தொகை கிடையாது. ஆகவே அந்த ஒரு சொல்லைப் பிள்ளைகளை விட்டாவது படித்துப் பார்த்த பிறகே பேனாவைத் தொட வேண்டும். ஐயம் இருந்தால் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ காட்டலாம்.

இன்னொன்று. வேலை கொடுத்தால்தான் கூலி என்ற ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, தொடர்ந்த நான்கு வாரத்தில் மொத்தம் 12 நாளாவது வேலை கொடுக்காமல், அந்த நாள்களுக்குக் கூலியும் இல்லையென்றால், கடிதமே வராவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது 'லே ஆஃப்'தான். ஓய்வுநாள், பொது விடுமுறை, மருத்துவ விடுப்பு ஆகியவை கணக்கில் சேரா.

இனி இலக்கணம். இறந்தகாலம் 'லேய்ட் ஆஃப்'. 'தே லேய்ட் ஆஃப் டென் டேப்பர்ஸ்' என்றால் பத்துப் பால்மரம் வெட்டுவோரை நிறுத்தினார்கள். 'தெம்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'லேய்ட் தெம் ஆஃப்'. 'லேய்ட் ஆஃப் தெம்' என்று பிள்ளைகள் எழுதுவதைத் திருத்தித் திருத்தி எங்கள் சிவப்பு மை தீர்ந்துவிடுகிறது.

டாக்டர் 'லே ஆஃப் சுகர்' என்றால் யாருக்கும் வேலை போகவில்லை. சீனியை விடச் சொல்கிறார், அவ்வளவுதான்.