தடையை நீக்கிய அறிவு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அறிவியலாளர் ஒருவரைப் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். புற்றுநோய் மருத்துவத்தில் புதுவழி கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனைத் தேர்ந்தேன். உடலின் ஓர் உயிரணு எவ்வாறு தொழிற்படுகிறது என்று அறிய விழைந்தவர் அவர். அந்த அறிவே பின்னர் மருந்தாயிற்று. ‘இதைப் படித்து என்ன பயன்?’ என்று வகுப்பிலே கேட்கும் மாணவர்க்கு அவர் வாழ்க்கை விடை கூறும்.

அலிசன் 1948ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் ஆலிஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்தார். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் பாடத்தில் பரிணாமக் கொள்கையைக் கற்பிக்க மறுத்தனர். வேர் இல்லாத மரம்போன்ற அப்பாடத்தை ஏற்க அம்மாணவர் இசையவில்லை. பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி மூலம் உயிரியலைப் பயின்றார். பள்ளியில் கிட்டாததைத் தேடிச் சென்று கற்ற அந்த உறுதியை மாணவச் செல்வங்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அவர் ஆராய்ந்த பொருள் டி செல் என்பதாகும். வெள்ளையணுக்களில் ஒருவகையான இது, உடலெங்கும் சுற்றிவந்து, நோய்க்கிருமி புகுந்த உயிரணுக்களை இனங்கண்டு அழிக்கும் காவற்படை. பகையை அடையாளங் காண இவ்வணுவின் மேற்பரப்பில் உள்ள புரதத்தை 1982இல் அலிசன் இனங்கண்டார். ஆயினும் அடையாளம் கண்ட மாத்திரத்தில் டி செல் போருக்கு எழுவதில்லை. வண்டியை இயக்கச் சாவி மட்டும் போதாது. ஆக்சிலேட்டரையும் மிதிக்க வேண்டும். சி.டி.28 என்னும் மற்றொரு புரதமே அந்த ஆக்சிலேட்டர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அப்படியானால் சி.டி.எல்.ஏ.-4 என்னும் மூன்றாவது புரதத்தின் வேலை யாது? அதுவும் படையை ஊக்குவதே என்று சிலர் கருதினர். அது பிரேக்கு என்று அலிசனும், வேறோர் ஆய்வுக் குழுவினரும் 1995இல் நிறுவினர். பிரேக்கு தேவையற்றதன்று, அது இல்லையேல் காவற்படை சொந்த உடலையே தாக்கிவிடும். ஆனால் புற்றுக்கட்டி வளரும்போதும் அப்பிரேக்கு படையைப் பிடித்து நிறுத்துகிறது.

புற்றுநோய்க்கு எதிராகப் படையை மேன்மேலும் தூண்டவே அறிஞர் பலர் முயன்று கொண்டிருந்தனர். அலிசனோ பிரேக்கை விடுவித்துப் பார்க்க எண்ணினார். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1994ஆம் ஆண்டு இறுதியில், சி.டி.எல்.ஏ.-4ஐ மறைக்கும் எதிர்ப்பொருளைப் புற்றுக்கட்டியுள்ள எலிகளுக்குச் செலுத்தினர். கட்டிகள் மறைந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறையென்றும் பாராமல் சோதனையை மீண்டும் செய்து உறுதிப்படுத்தினர். 1996இல் முடிவு வெளியாயிற்று.

எலியைக் குணப்படுத்தியது மனிதனைக் குணப்படுத்துமா என்ற ஐயத்தால் மருந்து நிறுவனங்கள் பல தயங்கின. அலிசன் விடாது வாதாடினார். இறுதியில் ஒரு சிறு நிறுவனம் முன்வந்தது. உடலெங்கும் பரவிய மெலனோமா என்னும் தோற்புற்று உடைய 676 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. கணக்குப் பாடத்தில் நாம் கற்கும் இடைநிலை அளவின்படி, 6.4 மாதமாக இருந்த ஆயுள் 10 மாதமாக நீண்டது. மூன்றரை மாதம் சிறிதெனத் தோன்றலாம். எனினும் இம்மருந்தைப் பெற்றோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தனர் என்பதே பெருவியப்பு. இப்பிலிமுமாப் என்னும் அம்மருந்துக்கு 2011இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. பி.டி.-1 என்னும் மற்றொரு பிரேக்கைக் கண்டறிந்த ஜப்பானியர் தாசுகு ஹோன்ஜோவுடன் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அலிசன் பகிர்ந்துகொண்டார்.

குறைகளையும் மறைத்தலாகாது. இம்மருந்து எல்லாருக்கும் பயன்படுவதில்லை. பிரேக்கு விடுபட்ட படை குடலையும் தோலையும் தாக்கிக் கடுந்துன்பம் தருவதுமுண்டு. விலையோ மலைக்க வைப்பது: அனுமதி பெற்றபோது நான்கு முறை செலுத்தும் ஒரு சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1,20,000 டாலர். உயிரணுவின் பூட்டை ஆய்வுக்கூடத்தில் திறந்தனர்; ஏழைக்கு மருந்தகத்தின் கதவைத் திறக்கும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. அறிவியல் கற்போரும், அரசியலும் பொருளாதாரமும் கற்போரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி அது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர் அதனைத் தம் தோளில் ஏற்பார்கள் என்று நம்புகிறேன்.

பயன் எப்போது வரும் என்று எண்ணி எண்ணிக் கற்போர்க்குக் கல்வி சுமையாகும். ஏன், எவ்வாறு என்று கேட்டுக் கற்போர்க்குப் பயன் தானே வந்து சேரும். ஆகவே ஆசிரியப் பெருமக்களே, மாணவர் எழுப்பும் கேள்வியை அடக்காதீர்கள். மாணவச் செல்வங்களே, விடை கிட்டும்வரை கேட்பதை நிறுத்தாதீர்கள்.