மைப்பேனாவும் நாலு பேரும்

(நமது சபையின் மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பென்ஷன், பிரஷர், பேரன் இந்த மூன்றையும் விட்டு வேறு எதையாவது பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். எனவே பேனாவைப் பற்றிப் பேசுகிறேன்.

எழுபது தாண்டியதும் எனக்குக் கையில் லேசான நடுக்கம் வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு வங்கியில் இரண்டு தடவை என் செக்கைத் திருப்பிவிட்டார்கள். நாற்பது வருஷம் ஃபைலில் கையெழுத்துப் போட்டவனுக்கு இது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீரோவில் கிடந்த பழைய ஹீரோ பேனாவைக் கழுவி, மை போட்டு எழுதிப் பார்த்தேன். நடுக்கம் போகவில்லை. ஆனால் எழுத்து எழுத்தாக விழுந்தது.

காரணம் பௌதிகம்தான். பால் பாயிண்ட் பேனாவில் இருப்பது கெட்டியான பசை. அழுத்தினால்தான் குண்டு உருளும். அழுத்த அழுத்த விரல் இறுகும், நடுக்கம் கூடும். மைப்பேனாவில் நிப்பின் பிளவு வழியாக மை தானே இறங்கி வருகிறது. குத்துவிளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற அதே தந்துகிக் கவர்ச்சி. காகிதத்தைத் தொட்டாலே போதும், பேனாவின் சொந்தக் கனமே எழுதிவிடும். மை வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். அதற்கு வாட்டர்மன் என்ற அமெரிக்கர் 1884-ல் காப்புரிமை பெற்றார். நிப்புக்கு அடியில் இருக்கும் அந்தக் கறுப்பு நாக்கில் மெல்லிய கோடுகள் கீறியிருக்கிறதே, அதுதான் விஷயம்.

"மை கொட்டுமே?" என்று மாமிகள் கேட்பார்கள். சட்டைப் பையில் நீலக் கறையைத் துவைத்தவர்கள் அவர்கள்தானே! ஃபில்லரால் மை ஊற்றும் பேனாவில் பாதி மை தீர்ந்ததும் மீதி இடத்தில் காற்று நிரம்பும். கைச்சூட்டில் அது விரியும். 2 மில்லி லிட்டர் காற்று, ஏ.சி. அறையின் 24 டிகிரியிலிருந்து கைச்சூட்டில் 34 டிகிரி ஆனால், 0.07 மில்லி லிட்டர் விரிகிறது. ஒரு சொட்டுக்கு அது தாராளம். ஆகவே மையைப் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள், கொட்டாது.

இனி நாலு பேர் விஷயத்துக்கு வருகிறேன். பேனாவுக்கு நிப்பு தேடிச் சாலைக் கடைத்தெருவில் அலைந்தபோது, அதே காரியமாக வந்த ஒருவரைப் பார்த்தேன். அவர் மூலம் இன்னொருவர். இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாராவது ஒருவர் வீட்டில், ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ட்ரெஷரியில் ரிட்டயரானவர், ஒரு டாக்டர், டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் எல்லோரும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு என் பேத்தி வயசு. ஆனால் நிப்பைப் பற்றிப் பேசும்போது எனக்கு அவள்தான் வாத்தியார். அடுத்தவர் பேனாவை வாங்கினால் அழுத்தாமல் எழுத வேண்டும், துடைத்துத் திருப்பித் தர வேண்டும். வேறு சட்டதிட்டம் கிடையாது. காபி உண்டு.

போன வருஷம் கரமனையிலிருந்து ஒரு மாமி, காலமான கணவரின் பேனாவைக் கொண்டு வந்தாள். மை உள்ளேயே உலர்ந்து கிடந்தது. கழுவிவிடலாம் என்று எடுத்தபோது டாக்டர் தடுத்தார். "சாய மை, தண்ணீரில் கரையும்" என்று சொல்லி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி வைத்தார். காபி குடித்து முடிக்கும்போது பேனா வெளிறிய நீலத்தில் எழுதியது. அவர் மீதி வைத்துப்போன மை! மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் நோட்டில் அந்த மாதப் பால் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அது தீர்ந்த பிறகு புது மை வாங்கியதாகச் சொன்னாள்.

இந்தப் பேனாக்களை நம்மவர்களும் செய்தார்கள். ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1932-ல் சுதேசிப் பேனா செய்தார். 1935-ல் காந்திஜி அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்களை எபோனைட்டில் கையாலேயே கடைகிறார்கள். எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துக் காய்ச்சி இறுக்கியது. ரப்பர் விளையும் நம் கேரளத்தில் இதை ஏன் பெரிதாகச் செய்யவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். கல்கத்தாவின் சுலேகா மை 1988-ல் நின்றுபோய், 2020-ல் பழைய பெயரிலேயே மறுபடி வந்தது. ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள், அதனால் வந்தது.

ரிப்பேர் செய்பவர்கள் பாடுதான் கஷ்டம். திருச்சூரில் பேனா ஆஸ்பத்திரி என்றே பெயர் வைத்து வேலை செய்த கடை உண்டு. வளைந்த நிப்பை நிமிர்த்துவது புத்தகம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. வருஷம் இரண்டு பேனாவாவது நாம் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அந்தக் கை வேலையை மறக்காமல் இருக்கும். இன்னொரு பக்கம், 2016-ல் ஆரம்பித்த ஹரித கேரளம் மிஷன் மூலம் பள்ளிக்கூடங்களில் பயன்படுத்தி எறிந்த பிளாஸ்டிக் பேனாக்களைச் சேகரித்தார்கள். குவியலைப் பார்த்தால் நமக்கே மலைப்பாக இருக்கும். பேரனுக்கு ஒரு மைப்பேனா வாங்கிக் கொடுங்கள். விரலில் மை படட்டும், பாதகமில்லை.

அடுத்த கூட்டம் நம் வீட்டில். பீரோவில் தூங்கும் பேனாக்களை எடுத்து வாருங்கள். வெந்நீரில் மட்டும் போட வேண்டாம், எபோனைட் நிறம் மங்கிவிடும். தங்க நிப்பு இருந்தால் நகைக்கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், அதில் அரை கிராம்கூடத் தேறாது. முதலில் எங்களிடம் காட்டுங்கள்.