ஒரே ஊர், நான்கு முகவரி

உங்க பூர்வீகம் ராஜபாளையம்னு வைங்க. கொள்ளுத்தாத்தா பத்திரத்தில் திருநெல்வேலி ஜில்லா, தாத்தா பத்திரத்தில் இராமநாதபுரம், அப்பா சான்றிதழில் காமராஜர் மாவட்டம், உங்க ஆதாரில் விருதுநகர். எது தப்பு? எதுவுமே தப்பில்லை!

1910-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா, திருநெல்வேலியிலிருந்து புதிய இராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. ராஜபாளையமும் அப்போ அந்தத் தாலுகாதான். 1985-இல் காமராஜர் மாவட்டம் உருவாகி, பின்னாளில் விருதுநகர் ஆனது.

அதனால, ‘வேற யாரோடதோ’ன்னு பழைய பத்திரத்தை ஒதுக்கிடாதீங்க. முதலில் தேதியைப் பாருங்க.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயரைத் தேட முடியாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியம். வீட்டுப் பெட்டியும் பாட்டியின் நினைவும்தான் ஆதாரம். பாட்டி சொல்வதை இன்றைக்கே செல்போனில் பதிவு பண்ணுங்க.