வரப்பில் பேசிய கூலி

தோழர்களே, பெண் அடுப்படியை விட்டு வெளியே வந்ததைத்தான் நவீனம் என்று எழுதுகிறார்கள். நம் அம்மாக்கள் எந்தக் காலத்தில் உள்ளே இருந்தார்கள்? விடியுமுன்னே நடவுக்குப் போனவர்கள் அவர்கள். செய்த வேலைக்கு விலை பேசியதுதான் புதுசு.

அழகர் நம் வண்டியூருக்கு இறங்கி வருகிற அழகர்கோவில் சாலைப் பக்கம் புல்லுச்சேரி. அங்கே நிலமில்லாத, எழுதப் படிக்கத் தெரியாத சின்னப்பிள்ளை பெண்களைத் திரட்டி நிலக்காரர்களிடம் கூலி பேசினார். பிறகு களஞ்சியம் சேமிப்புக் குழுக்கள். வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமலே கடன் கிடைத்தது. 2001-இல் பிரதமர் வாஜ்பாய் விருது கொடுத்து அவர் காலைத் தொட்டார். 2019-இல் பத்மஸ்ரீ.

அந்தப் படத்தையே நாமும் பேசிக்கொண்டிருக்கிறோம். காலைத் தொட்டவர் பெரியவராகிவிட்டார்; கூலி கேட்ட நாள் பின்னுக்குப் போய்விட்டது. மாணவத் தோழர்களே, அவரோடு வரப்பில் நின்ற பெண்களிடம் போய் உட்காருங்கள். கேட்டு எழுதுங்கள்.